மூன்று முறை வளர்ந்த தங்க நானோராடு இப்போது வளரவே மாட்டேன் என்கிறது

#1 தங்கத்துகள்

வணக்கம். பொருளறிவியலில் பிஎச்டி, இரண்டாம் ஆண்டு. இங்கே நெடுநாளாக வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வேலை தங்க நானோராடுகள், அதாவது குச்சி வடிவத் தங்க நுண்துகள்கள். விதை முறையில் வளர்க்கிறேன். குளோரோஆரிக் அமிலத்தை சீடாப் கரைசலில் கலந்து, ஐஸ் குளிர்ச்சியில் இருக்கும் போரோஹைட்ரைடை ஊற்றினால் சின்னஞ்சிறு விதைகள் கிடைக்கும். அதில் 12 மைக்ரோலிட்டரை எடுத்து வளர்ப்புக் கரைசலில் விட வேண்டும். வளர்ப்புக் கரைசலில் இருப்பவை சீடாப், தங்கம், கொஞ்சம் சில்வர் நைட்ரேட், அஸ்கார்பிக் அமிலம். (சீடாப் என்றால் செட்டில்ட்ரைமெத்தில்அமோனியம் புரோமைடு, சோப்பு மாதிரி ஒரு பொருள். ஒவ்வொரு தடவையும் முழுப்பெயரைத் தட்டினால் விடிந்துவிடும்.)

போன செமஸ்டரில் மூன்று முறை செய்தேன். மூன்றும் அழகாக வந்தன. யூவி நிறமாலையில் (கரைசல் எந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) 515 நானோமீட்டரில் ஒரு சின்ன பீக், 780-இல் ஒரு பெரிய பீக். அந்தப் பெரியதுதான் ராடுக்கு அடையாளம். டெம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நீளம் 45, அகலம் 12 நானோமீட்டர் வாக்கில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. கைடுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பாடத்தேர்வுகளுக்காக இரண்டு மாதம் ஆய்வகப் பக்கமே போகவில்லை.

திரும்பி வந்து 11 வாரம் ஆகிறது. 43 முயற்சி. ஒன்றில்கூட 780 இல்லை. கரைசல் மாணிக்கச் சிவப்பில் பளபளவென்று நிற்கிறது, 530-இல் ஒற்றை பீக், எல்லாம் உருண்டை. செய்முறையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே நோட்டு, அதே பக்கம், அதே கை.

இரண்டு கேள்விகள். எங்கே தேடுவது? இன்னும் எத்தனை வாரம் இதற்குக் கொடுக்கலாம்?

#2 பழையபிப்பெட்

தம்பி, "எதையும் மாற்றவில்லை" என்று சொல்பவர்களை நான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்முறையில் நாம் மாற்றவில்லை என்பது சரி. ஆனால் இரண்டு மாதத்தில் ஆய்வகம் தானாக மாறியிருக்கும். கீழே உள்ளவற்றுக்கு நினைவிலிருந்து பதில் சொல்லாதீர்கள். நோட்டைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

சீடாப் பாட்டில் அதேதானா, புதிதா? புதிதென்றால் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்) என்ன? தண்ணீர் இயந்திரம் சுத்த நீருக்கான 18.2 மெகாஓம் காட்டுகிறதா, வடிகட்டியை இடையில் யாராவது மாற்றினார்களா? அஸ்கார்பிக் அமிலத்தை அன்றன்றைக்குக் கரைக்கிறீர்களா, இல்லை போன வாரம் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்ததா? போரோஹைட்ரைடு பாட்டிலைக் கடைசியாக மூடியவர் சரியாக மூடினாரா? காந்தக் கலக்கியின் டெஃப்லான் உறையில் கீறல் இருக்கிறதா? கீறலுக்குள் பழைய தங்கம் உட்கார்ந்திருக்கும். அதுவே அழைக்காமல் வந்த விதை.

அப்புறம் முக்கியமாக ஒன்று. அஸ்கார்பிக் அமிலம் விட்டவுடன் மஞ்சள் நிறம் போய்க் கரைசல் நிறமில்லாமல் ஆகிறதா? ஆகிறதென்றால் அதுவரைக்கும் வேதியியல் ஒழுங்காக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

#3 மின்முனை

43 தடவையா! நான் ஏழாவது தடவையிலேயே தலைப்பை மாற்றிவிட்டேன்.

#4 தங்கத்துகள்

தம்பி இல்லை சார், தங்கை. 🙂

நோட்டைப் பார்த்தேன். நிறம் போகிறது, அதில் சிக்கல் இல்லை. அஸ்கார்பிக் அன்றன்றைக்குத்தான் கரைக்கிறேன். தண்ணீர் 18.2 காட்டுகிறது. கலக்கியைப் புதிதாக மாற்றியும் பார்த்துவிட்டேன்.

சீடாப் புதிய பாட்டில்தான். ஆனால் அதே நிறுவனம், அதே பட்டியல் எண், மேலே அதே தூய்மை விழுக்காடு அச்சாகியிருக்கிறது. அதனால் அதைச் சந்தேகிக்கவில்லை. லாட் எண்ணைப் பழைய பாட்டிலுக்கு நான் குறித்து வைக்கவே இல்லை.

இன்னொன்று. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று வெற்றியும் ஒரே நாளில் வந்தவை. ஒரே விதைக் கரைசல், மூன்று பாட்டில்.

#5 இரண்டாம்நடுவர்

அப்படியானால் தலைப்பைத் திருத்திவிடுங்கள். அது மூன்று முறை இல்லை, ஒரு முறை.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரே விதை, ஒரே நாளில் கரைத்த கரைசல்கள், ஒரே கை. மூன்று பாட்டிலும் ஒன்றுபோல இருக்கிறது என்றால் உங்கள் பிப்பெட் கை நிதானமானது என்று பொருள். அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. வேறு நாள், வேறு விதை, முடிந்தால் வேறு ஆள் செய்து வந்தால்தான் அதை இரண்டாவது முறை என்று எண்ணத் தொடங்கலாம். பேப்பர்களில் பிழைக்கோடு போட்டு மூன்று என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வரும். மூன்று சோதனையா, ஒரே சோதனையை மூன்று தடவை அளந்ததா? பெரும்பாலும் எங்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

#6 கரைசல்காரன்

பட்டியல் எண் ஒன்றுதான் என்பதால் சீடாப்பைச் சந்தேகிக்கவில்லை என்றீர்களே, நான் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இது உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை.

நானோராடு உலகத்தில் இது தெரிந்த கதை. மர்ஃபி குழுவினர் 2001-இல் விதை முறையைக் கொண்டுவந்தார்கள். நிக்கூபக்த், எல்-சய்யத் இருவரும் 2003-இல் அதை மெருகேற்றினார்கள். நீங்கள் செய்வது அந்த 2003 செய்முறை மாதிரிதான் தெரிகிறது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஒரே புலம்பல்: சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. கோர்கெல் குழுவினர் 2008-இல் பல நிறுவனங்களின் சீடாப்பை வாங்கி, அதே செய்முறையை ஒவ்வொன்றிலும் செய்து பார்த்தார்கள். சிலவற்றில் ராடு வளர்ந்தது, சிலவற்றில் வெறும் உருண்டை. அடுத்த ஆண்டு குற்றவாளியையும் பிடித்தார்கள்: அயோடைடு. சீடாப் புரோமைடு உப்பு அல்லவா, அதோடு துளி அயோடைடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எவ்வளவு என்றால், பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு இருந்தாலே ராடு கெடும். பாட்டில் மேல் 99 விழுக்காடு என்று எழுதியிருந்தால் மீதி ஒரு விழுக்காடு பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. அதற்குள் இந்த அயோடைடு தாராளமாக ஒளிந்துகொள்ளும். தூய்மை விழுக்காடு பொய் சொல்லவில்லை; நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

அயோடைடு தங்கத்தின் பரப்பில் புரோமைடைவிட இறுக்கமாக ஒட்டும். ராடு நீளவாக்கில் வளர வேண்டுமென்றால் பக்கச் சுவரும் நுனியும் வெவ்வேறு வேகத்தில் வளர வேண்டும். அயோடைடு உட்கார்ந்தவுடன் அந்த வேறுபாடு அடிபட்டுப் போகிறது. விளைவு, உங்கள் மாணிக்கச் சிவப்பு.

செய்ய வேண்டியது எளிது. ஆய்வகத்தில் எந்த அலமாரியிலாவது பழைய சீடாப் பாட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள். ஐந்து கிராம் இருந்தால்கூடப் போதும். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, மற்றதெல்லாம் ஒரே நாளில் ஒரே கரைசலிலிருந்து.

#7 உலைக்களம்

மாசு கெடுக்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். குவாண்டம் புள்ளிகள் எனும் நுண்படிகங்களைச் செய்கிறவர்களைக் கேட்டால் மறுபக்கக் கதை சொல்வார்கள்.

பவெண்டி குழுவினர் 1993-இல் காட்மியம் செலினைடு புள்ளிகளைச் செய்த வழி, 2023 நோபல் பரிசுக்குக் காரணமான அந்த வழி, சூடான டிஓபிஓ என்ற கரைப்பானுக்குள் மூலப்பொருளைச் சட்டென்று பீய்ச்சுவது. அந்த டிஓபிஓ தொழில்நுட்பத் தரம், அதாவது சுத்தம் கம்மி. சரி, இன்னும் சுத்தமானதை வாங்கினால் இன்னும் நன்றாக வரும் என்று நினைத்து 99 விழுக்காடு வாங்கியவர்களுக்கு வேலை கெட்டுப்போனது. துகள் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது மாசாக இருந்த பாஸ்ஃபோனிக் அமிலங்கள்! பிறகு எல்லோரும் சுத்தமான டிஓபிஓ வாங்கி, அதில் அந்த அமிலத்தை அளந்து சேர்க்கத் தொடங்கினார்கள்.

2023-இல் எல்கே-99 என்று ஒரு பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்ததே, நினைவிருக்கிறதா? மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே மாசாக இருந்த தாமிர சல்ஃபைடு. 100 டிகிரிக்குச் சற்று மேலே அதன் படிக அமைப்பு மாறுகிறது, தடையும் குதிக்கிறது. சில வாரங்களிலேயே பல ஆய்வகங்கள் அதைப் பிரித்துக் காட்டிவிட்டன. காந்தத்தின் மேல் அரைகுறையாகத் தூக்கி நின்ற காணொளியை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன், ஒப்புக்கொள்கிறேன்.

#8 புதுமுகம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எம்எஸ்சி முடிக்கப் போகிறேன். நானோ துறையில் பிஎச்டி சேர நினைத்திருந்தேன். இந்த இழையைப் படித்தால் பயமாக இருக்கிறது. 43 முறை தோற்பதுதான் வேலையா?

#9 மின்முனை

இல்லை. சில வருடம் 60 வரை போகும்.

#10 பழையபிப்பெட்

புதுமுகம், அவர் விளையாடுகிறார். ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

சேர்வதற்கு முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். கைடின் பேப்பர் பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காமல், அவருடைய ஆய்வகத்தில் நாலாம் ஆண்டில் இருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். டெம் வேண்டுமென்றால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி) சொந்தமாக இருக்கிறதா, வெளியே அனுப்புகிறார்களா? முன்னாள் மாணவர்களின் நோட்டுகள் ஆய்வகத்தில் இருக்கின்றனவா, அவர்களோடு போய்விட்டனவா? இந்த மூன்றுக்கும் வரும் பதில் எந்தத் தரவரிசையைவிடவும் அதிகம் சொல்லும். "நானோ" என்ற சொல்லுக்காக மட்டும் சேராதீர்கள். அது ஓர் அளவின் பெயர், துறையின் பெயர் இல்லை. மின்வேதியியலா, ஒளியியலா, உயிரியலா, எதில் கை வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இனி இழைக்கு வருவோம்.

#11 வெற்றிடக்குழாய்

இழைக்கு வருகிறேன், ஆனால் பக்கவாட்டில்.

தங்கத்துகள், உங்களிடம் டெம் இருக்கிறது, நல்லது. டிஎல்எஸ் (ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவு சொல்லும் கருவி) எடுத்து "5 நானோமீட்டரிலும் ஒரு பீக் இருக்கிறது, ஆகவே சின்ன உருண்டைகளும் உள்ளன" என்று எழுதிவிடாதீர்கள். ராடு தன்னைத்தானே சுழல்வதையும் அந்தக் கருவி ஒரு சின்னத் துகளின் அசைவாக எண்ணிக்கொள்ளும். இல்லாத துகளுக்கு அளவு சொல்லும். இன்னொரு பக்கம், சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால், 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள் பத்து லட்சத்துக்குச் சமமாகக் கத்தும். நாலு தூசி விழுந்தால் போதும், மொத்த அறிக்கையும் தூசியைப் பற்றியதாகிவிடும்.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் ஒரு துத்தநாக ஆக்சைடு சாம்பிளை டெம்மில் வைத்து எடாக்ஸ் (எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் அளவீடு) எடுத்தேன். தாமிர பீக் கம்பீரமாக நின்றது. எங்கிருந்தோ தாமிரம் படிகத்துக்குள் புகுந்துவிட்டது, இது எதிர்பாராத டோப்பிங் என்று இரண்டு பக்கம் எழுதி, குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் பேசினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சீனியர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "சாம்பிளை எந்த கிரிட்டில் வைத்தாய்?" தாமிர கிரிட். மூன்று மில்லிமீட்டர் தாமிரத் தட்டின் மேல் சாம்பிளை வைத்துவிட்டுத் தாமிரம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்திருக்கிறேன்.

எக்ஸ்ஆர்டி பீக்கின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாடும் இதே மாதிரி ஒரு பொறிதான். 1918-இலிருந்து இருக்கிறது, நம் ஆட்கள் இன்னும் அதில் வரும் எண்ணைத் துகள் அளவு என்றே எழுதுகிறார்கள். அது படிகத்துண்டின் அளவு. ஒரு துகளுக்குள் பத்துத் துண்டு இருக்கலாம். கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காமல் போட்டால் அதுவும் இல்லை.

#12 தங்கத்துகள்

எல்லோருக்கும் நன்றி. தாமிர கிரிட் கதையைக் கேட்டு எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் பேச்சில்லாமல் எழுந்து போய்த் தன் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்.

சீனியர் ஒருவரின் அலமாரியில் பழைய சீடாப் கிடைத்தது. 4 கிராம். கணக்குப் போட்டால் ஒன்பது பத்துத் தடவைக்கு வரும். தங்கத்தைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். கைடு நேற்று கூப்பிட்டு, "அந்த மூன்று சாம்பிளிலும் டெம், யூவி, எக்ஸ்ஆர்டி எல்லாம் இருக்கிறதே, அதை வைத்துப் பேப்பரை எழுதிவிடு, இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எழுதினால் ஒரு பேப்பர். எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டு முடிவில் கையில் ஒன்றுமில்லை. என்ன செய்வது?

#13 அணுக்கூடு

எழுதாதீர்கள். ஷோன் கதை தெரியுமல்லவா? பெல் ஆய்வகத்தில் ஒவ்வொரு வாரமும் அதிசயம் செய்துகொண்டிருந்தவர். வேறு வேறு சோதனை என்று சொன்ன வரைபடங்களில் ஒரே இரைச்சல், புள்ளிக்குப் புள்ளி. 2002-இல் விசாரணைக் குழு 24 புகார்களைப் பார்த்தது, 16-இல் முறைகேடு உறுதியானது. மூலத் தரவு எங்கே என்று கேட்டால், கணினியில் இடமில்லாததால் அழித்துவிட்டேன் என்றார். ஒழுங்கான ஆய்வக நோட்டும் இல்லை. பிறகு முனைவர் பட்டத்தையும் திரும்பப் பெற்றார்கள். எல்லாம் இப்படி ஒரு சின்ன அவசரத்தில்தான் தொடங்கும்.

#14 நெறிவிளக்கு

இது அநியாயமான ஒப்பீடு, அணுக்கூடு. அவர் இல்லாத தரவை உண்டாக்கினார். இந்தப் பெண்ணிடம் இருப்பது நிஜத் தரவு. சாம்பிள் நிஜம், டெம் படம் நிஜம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் மாணவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும், தெளிவு வராது.

நானும் மாணவர்களை வழிநடத்துகிறவன். கைடு சொன்னதைக் கெட்ட எண்ணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தலைக்கு மேல் நிதி அறிக்கை தொங்கிக்கொண்டிருக்கும். மாணவி வெறுங்கையோடு ஆண்டு ஆய்வுக்கூட்டத்தில் நிற்கக் கூடாதே என்ற கவலையும் இருக்கும். ஆனால் ஒன்று, அவருக்கு முழு விஷயம் தெரியுமா? மூன்றும் ஒரே விதை என்று அவரிடம் சொன்னீர்களா? 43 தோல்வியையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி அவர் மேசை மேல் வைத்தீர்களா? "வரவில்லை சார்" என்று மாணவர் சொன்னால் எங்கள் காதில் "இரண்டு மூன்று தடவை முயன்றேன்" என்றுதான் விழும். இது எங்கள் குறைதான், ஆனால் நடப்பது இதுதான்.

#15 அணுக்கூடு

ஒப்பீடு கொஞ்சம் அதிகம்தான், சரி. ஆனாலும் 43 தோல்வியை எழுதாமல் ஒரு வெற்றியை மட்டும் எழுதினால் வாசிக்கிறவன் அதை நம்பி 43 வாரம் இழக்கப் போகிறான். நான் அப்படி ஒரு பேப்பரை நம்பி ஏழு மாதம் இழந்தவன். அதனால்தான் கோபம்.

#16 இரண்டாம்நடுவர்

பொருளறிவியலாளர் ஷெக்ட்மன் 1982-இல், படிகத்தில் வரவே முடியாது என்று எல்லோரும் நம்பிய பத்துமடிப்புச் சமச்சீர் கொண்ட படத்தைப் பார்த்தார், 1984-இல்தான் வெளியிட்டார். இடைப்பட்ட காலத்தில் அவரைக் கேலி செய்தவர்கள் கொஞ்சமல்ல. 2011-இல் நோபல் கிடைத்த பிறகு எல்லோரும் அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டினார்கள். ஆனால் அவரிடம் எப்போது கேட்டாலும் திரும்ப எடுத்துக் காட்டக்கூடிய படம் இருந்தது. தங்கத்துகளிடம் இப்போது இல்லாதது அது ஒன்றுதான். பேப்பர் எழுதலாமா என்பதற்கு என் பதிலும் அதுதான்.

#17 தங்கத்துகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் கைடு. நெறிவிளக்கு சார் சொன்னபடி ஒரே தாளில் எல்லா முயற்சியையும் எழுதி வைத்தேன். தாளைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "மூன்றும் ஒரே நாளா?" என்று மட்டும் கேட்டார். பேப்பர் பேச்சு அதோடு நின்றது.

இப்போது சோதனை. கண்ணாடிப் பாத்திரங்களை எல்லாம் ராஜதிராவகத்தில் கழுவினேன் (மூடியை இறுக்கி ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த முறைக்கும் ஆகும்). புதிய சீடாப்பில் நாலு முயற்சி, நாலும் உருண்டை. பழைய சீடாப்பில் இரண்டு முயற்சி. ஒன்றில் 775-இல் பெரிய பீக், ராடு வந்துவிட்டது! கத்திவிட்டேன். ஆனால் இரண்டாவதில் 700 பக்கம் ஒரு மங்கலான மேடு மட்டும்.

அப்புறம் கரைசல்காரன் அண்ணா சொன்னதை வைத்து, பழைய சீடாப்பில் வேண்டுமென்றே துளி பொட்டாசியம் அயோடைடு சேர்த்தேன். ராடு சுத்தமாகப் போய்விட்டது. குற்றவாளி அயோடைடுதான் இல்லையா?

#18 பழையபிப்பெட்

மற்றதெல்லாம் அப்புறம். அந்த ராஜதிராவக பாட்டிலின் மூடியை இப்போதே தளர்த்துங்கள், புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து, முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்புக் கவசம் போட்டுக்கொண்டு. ஹைட்ரோகுளோரிக்கும் நைட்ரிக்கும் மூன்றுக்கு ஒன்று கலந்தது அடங்கி உட்காராது. குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பாட்டில் வெடிக்கும். அதைச் சேமித்து வைக்கக் கூடாது. தேவையான அளவு மட்டும் அன்றைக்குக் கலந்து, வேலை முடிந்ததும் முறைப்படி செயலிழக்கச் செய்துவிட வேண்டும். அசிட்டோன் கழுவிய ஈரம் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றவே கூடாது. இதை யாருமே உங்களுக்குச் சொல்லித்தரவில்லையா?

#19 தங்கத்துகள்

தளர்த்திவிட்டேன். "உஸ்" என்று சத்தம் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது. யாரும் சொல்லவில்லை. சீனியர் ஒருவர் அப்படி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் செய்தேன்.

#20 இரண்டாம்நடுவர்

பத்திரமாக இருங்கள். அந்தச் சீனியரையும் பத்திரமாக இருக்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கு வருகிறேன். அயோடைடு சேர்த்தால் ராடு போகிறது என்று காட்டினீர்கள். புதிய பாட்டிலில் அயோடைடு இருக்கிறது என்று இன்னும் காட்டவில்லை. தண்ணீர் ஊற்றினால் விளக்கு அணையும்; அதற்காக அணைந்த விளக்கெல்லாம் தண்ணீரால் அணைந்தது என்று ஆகாது. புதிய சீடாப்பை ஐசிபிஎம்எஸ்ஸுக்கு (துளி மாசையும் அளக்கும் நிறைமாலைக் கருவி) அனுப்பி அயோடைடை அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக வேறொரு லாட்டும் வாங்குங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது, பழைய சீடாப்பிலேயே இரண்டில் ஒன்று தவறியது. எல்லோரும் குற்றவாளி கிடைத்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள்.

#21 கரைசல்காரன்

நடுவர் சொல்வது சரி. நானும் விடப் பார்த்தேன்.

ஒரு கேள்வி. உங்கள் ஆய்வகத்தில் வெப்பநிலை எவ்வளவு? சீடாப் சுமார் 25 டிகிரிக்குக் கீழே கரைசலில் நிற்காது. வெள்ளை ஊசிகளாக விழும். விழுந்த பிறகு நீங்கள் ஊற்றிய செறிவு ஒன்று, உள்ளே இருக்கும் செறிவு வேறொன்று. செய்முறையில் 27 முதல் 30 டிகிரி என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும்; நிறையப் பேர் அறை வெப்பநிலை என்று படித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

#22 தங்கத்துகள்

அறையில் ஏசி 21 டிகிரியில் ஓடுகிறது. கரைசலில் எப்போதாவது வெள்ளையாக ஏதோ தெரியும், கையில் பிடித்துச் சூடாக்கிவிட்டுத் தொடர்வேன். அதை நோட்டில் எழுதியதில்லை. எழுதும் அளவுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

#23 மின்முனை

கிணறு வெட்டப் போய் இரண்டாவது பூதம்.

#24 தங்கத்துகள்

ஐந்து வாரம் ஆகிவிட்டது, கடைசி நிலவரத்தை எழுதிவிடுகிறேன்.

நீர்த்தொட்டி ஒன்றை இரவல் வாங்கி 28 டிகிரியில் வைத்தேன். விதை, வளர்ப்பு இரண்டும் அதற்குள்ளேயே. பழைய சீடாப்பில் மிச்சம் இருந்ததைக் கொண்டு மூன்று நாளில் மூன்று தனித்தனி விதை, மூன்றும் ராடு. மூன்றாவதாக வாங்கிய லாட்டில் நாலு வெவ்வேறு நாளில் ஒன்பது முயற்சி. ஒன்பதிலும் பெரிய பீக் 760-க்கும் 790-க்கும் இடையில். அதில் இரண்டை நான் செய்யவில்லை, முதலாமாண்டு மாணவர் ஒருவர் என் நோட்டைப் படித்துச் செய்தார். இடையில் வந்த அந்தப் பாட்டில் 28 டிகிரியிலும் வெறும் உருண்டை. ஐசிபிஎம்எஸ் முடிவில் அதில் மட்டும்தான் அயோடைடு. மற்ற இரண்டிலும் கருவிக்கு எட்டும் அளவில் இல்லை. மூன்றாம் லாட்டைத் தொட்டிக்கு வெளியே 21 டிகிரியில் வைத்தால் ஐந்தில் மூன்று தவறுகிறது.

ஆக, இரண்டு காரணம். ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. முதல் நாளில் தொட்டி ஏதும் இல்லாமல் எப்படி வந்தது? அதே 21 டிகிரி அறைதானே. நேற்று ராத்திரி பழைய நோட்டைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருக்கிறேன்: "ஏசி ரிப்பேர். தாங்க முடியாத புழுக்கம்."

கைடு இதை ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயமாக வைக்கலாம் என்கிறார். பேப்பர் ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

#25 அணுக்கூடு

43 தோல்வியையும் அட்டவணையாகப் பின்னிணைப்பில் போடுங்கள். வெப்பநிலை, லாட் எண் உள்பட. என்னைப் போல் யாராவது தேடி வருவார்கள்.

#26 நெறிவிளக்கு

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இதை அத்தியாயம் என்று சொல்வது கொஞ்சம் தாராளம். அயோடைடு 2009-இலேயே தெரிந்த விஷயம். வெப்பநிலை செய்முறையிலேயே இருக்கிறது. பரீட்சகர் "இதில் புதிது என்ன?" என்று வைவாவில் கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை 21 முதல் 32 டிகிரி வரை, நாலைந்து அயோடைடு அளவுகளில் கட்டமாகச் செய்து காட்டினால் அத்தியாயம். இப்போது இருப்பது நல்ல ஆய்வக நோட்டு.

#27 தங்கத்துகள்

கட்டம் போட்டுவிட்டேன் சார். 6 வெப்பநிலை, 5 அயோடைடு அளவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தனி விதை. 90 முயற்சி. திங்கட்கிழமை தொடக்கம்.

#28 பழையபிப்பெட்

மூன்றாம் லாட் பாட்டிலில் எவ்வளவு மீதி? 90-க்குப் போதுமா? தீர்வதற்குள் அதே லாட் எண்ணில் இன்னொன்று வாங்கி வையுங்கள் தங்கையே.

#29 தங்கத்துகள்

இரண்டு வாங்கிவிட்டேன். மூடியின் மேல் லாட் எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதியும் வைத்துவிட்டேன்.

#30 இரண்டாம்நடுவர்

சில்வர் நைட்ரேட் பாட்டிலுக்கு?

#31 தங்கத்துகள்

...போய் எழுதிவிட்டு வருகிறேன்.